பிகினர் கேமராவின் கதை

போன மாதம் அக்கா பையன் வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, ஃபர்ஸ்ட் கேமரா வாங்கப் போறேன். செகண்ட் ஹேண்ட்ல டிஎஸ்எல்ஆர் ஒண்ணு கிடைக்குது. பிகினருக்கு ஓகேவா?" கூடவே நாலு லிங்க். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு என்று அக்கா பிறகு சொன்னாள்.

அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம் இழுத்தேன். அவன் கேள்வியில் இருந்த 'பிகினர்' என்ற ஒரு சொல் என்னை விடவில்லை. 2011இல் நானும் அதே சொல்லைத்தான் தேடுபெட்டியில் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஆபீஸில் ஒரு வரிசை இருந்தது: முதலில் பைக், அடுத்தது டிஎஸ்எல்ஆர், அதற்கடுத்து பெயருக்குப் பின்னால் 'ஃபோட்டோகிராஃபி' சேர்த்து ஒரு ஃபேஸ்புக் பக்கம். பைக்கைத் தாண்டிவிட்டேன். கேமராவுக்காக எக்செல் ஷீட் ஒன்று போட்டேன். பதினொரு மாடல்கள். மெகாபிக்சல், ஐஎஸ்ஓ, ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு எத்தனை படம், எடை, விலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பெண். ஒரு முடிவை எடுக்காமல் தள்ளிப்போட எஞ்சினியர்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி எக்செல். மூன்று மாதம் ஓட்டினேன். கடைசியில் ஷீட்டில் மூன்றாவதாக வந்த கேமராவை வாங்கினேன். பக்கத்து சீட் நண்பனிடம் அதே பிராண்ட் இருந்தது, அவனுடைய லென்ஸை ஓசி வாங்கலாம் என்பதுதான் காரணம். விலை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

நான் பிகினர் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்விக்கு அந்த ஷீட்டில் பத்தி இல்லை. அதைத் தேடிப் போனால் கதை 1877இல் தொடங்குகிறது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற வங்கி குமாஸ்தா கரீபியன் தீவு ஒன்றுக்குச் சுற்றுலா போகத் திட்டமிட்டார். அங்கே படம் எடுக்கலாம் என்று புகைப்படச் சாமான்களும் வாங்கினார். அந்தக் காலத்து 'கிட்' என்றால் பெரிய பெட்டி கேமரா, கனமான முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், தண்ணீர்ப் பாத்திரம், இருட்டுக்காக ஒரு கூடாரம். தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவவும் வேண்டும். காசு கொடுத்துப் பாடம் வேறு படித்தார். கடைசியில் அந்தப் பயணம் போகவே இல்லை. டிரிப்புக்கென்று கேமரா வாங்கிவிட்டு டிரிப்பையே கேன்சல் செய்யும் நம் ஆட்கள் எல்லோருக்கும் அவர்தான் முன்னோடி.

ஆனால் அந்தச் சுமை அவரை விடவில்லை. 1888இல் கோடக் என்ற பெயரில் ஒரு பெட்டியை விற்கத் தொடங்கினார். விலை 25 டாலர், அன்றைக்கு அது சின்னத் தொகை அல்ல. உள்ளே 100 படங்களுக்கான சுருள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். கயிற்றை இழுத்து, பொத்தானை அமுக்கி, சாவியைத் திருப்பினால் போதும். 100 படமும் முடிந்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டு, திருப்பி அனுப்புவார்கள். படங்கள் வட்டமாக இருந்தன. பார்த்து எடுக்க வியூஃபைண்டர்கூடக் கிடையாது, குத்துமதிப்பாகக் காட்டிவிட்டு அமுக்க வேண்டியதுதான்.

1900இல் அதே கம்பெனி பிரவுனியைக் கொண்டுவந்தது. அட்டைப் பெட்டி, ஒற்றை லென்ஸ், விலை 1 டாலர், ஃபிலிம் 15 சென்ட். வடிவமைத்தவர் ஃபிராங்க் பிரவுனெல். பெயர் மட்டும் அவருடையதிலிருந்து வந்ததில்லை என்பார்கள். பால்மர் காக்ஸ் வரைந்த குட்டிப் பூதங்கள் அப்போது குழந்தைகளிடம் பிரபலம், அவற்றின் பெயர் பிரவுனி. விளம்பரமும் குழந்தைகளை நோக்கித்தான். முதல் வருடமே 1,50,000க்கு மேல் போயின. 1916இல் பதினாலு வயது ஆன்செல் ஆடம்ஸ் குடும்பத்தோடு யோசெமிட்டி போனபோது கையில் கிடைத்ததும் ஒரு பிரவுனிதான்.

பிரவுனியில் என்னென்ன இல்லை என்று பட்டியல் போட்டால் பெரிதாக வரும். ஆனால் அந்த 'இல்லை' நேர்மையானது. அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டுத் தேடினாலும் வேறொன்றும் அகப்படாது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. ஆக்ஃபா க்ளிக் 3, பரோடாவில் செய்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். 120 ஃபிலிம் போட்டால் பன்னிரண்டு சதுரப் படங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு சின்ன நெம்பு. வெயிலுக்கு ஒரு இடம், மேகமூட்டத்துக்கு ஒரு இடம். அப்பா கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. அக்காவின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், மாட்டுப் பொங்கலன்று கொம்பில் பெயின்ட் காயாத மாடு எல்லாம் அதில்தான். பன்னிரண்டில் ஒன்பதாவது தேறும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவரை யாரும் பிகினர் என்று சொல்லிக் கேட்டதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை. 'கேமரா வச்சிருக்கிறவர்', அவ்வளவுதான்.

எஸ்எல்ஆர் என்பது இன்னொரு பாதையில் வந்தது. லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கண்ணாடி ஒன்று மேலே திருப்பி, கூரைபோன்ற பட்டகத்தின் வழியே நம் கண்ணுக்குக் கொண்டுவரும். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி 'டக்' என்று எழும்பி வழிவிடும். 1959இல் வந்த நிக்கான் எஃப்புக்குப் பிறகு பத்திரிகைக்காரர்களின் கழுத்தில் தொங்கியது பெரும்பாலும் இந்த ஜாதிதான். டிஜிட்டலின் தொடக்கமோ கோடக்கிலேயே நடந்தது. 1975 டிசம்பரில் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் எஞ்சினியர், பழைய சூப்பர் 8 லென்ஸ் ஒன்றையும் 100க்கு 100 புள்ளிகள் கொண்ட சென்சாரையும் வைத்து மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பெட்டி செய்தார். ஒரு படம் கேசட்டில் பதிய 23 நொடி. 1991இல் கோடக் விற்ற முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர், நிக்கான் எஃப்3 உடலில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தியது. ஹார்ட் டிஸ்க்கைத் தனிப் பெட்டியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். விலை ஏறத்தாழ 20,000 டாலர். 1999இல் நிக்கான் டி1 வந்தபோதும் 5,000 டாலருக்கு மேல்.

ஏன் இவ்வளவு விலை? சென்சார் ஒரு சிலிக்கான் சில்லு. வட்டமான தகட்டில் ஒரே சமயத்தில் பல சில்லுகளை அச்சிட்டுப் பிறகு வெட்டுவார்கள், நம் வீட்டில் தட்டில் மைசூர்பாகு துண்டு போடுவதுபோல. 8 அங்குலத் தகடு ஒன்றில் பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார் என்றால் 20 தேறும், ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவென்றால் 200 வரும் என்று கேனான் தன் விளக்க ஏடு ஒன்றில் கணக்குச் சொன்னது. தகட்டில் விழும் தூசியோ பழுதோ பெரிய துண்டைத்தான் அதிகம் கெடுக்கும். ஆக, விலை குறையவேண்டுமானால் சென்சார் சின்னதாக வேண்டும். அதனால்தான் பிகினர் கேமரா பெரும்பாலும் ஏபிஎஸ்-சி. அங்கே மாட்டும் 50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் போல நடந்துகொள்வதும், கூடவே வரும் கிட் லென்ஸ் 18 எம்எம்மில் தொடங்குவதும் இந்த மைசூர்பாகுக் கணக்கால்தான். இதுவரை யார் மேலும் எனக்குக் குறையில்லை. இயற்பியலும் காசும் சேர்ந்து எடுத்த முடிவு.

2003 ஆகஸ்டில் கேனான் இஓஎஸ் 300டி வந்தது. கிட் லென்ஸோடு 999 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கிய முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். சாதாரண ஆள் வாங்கக்கூடிய டிஎஸ்எல்ஆர் என்ற பேச்சே இங்கேதான் தொடங்குகிறது. ஒரே கேமராவுக்கு மூன்று பெயர். ஜப்பானில் 'கிஸ் டிஜிட்டல்'. கிஸ் என்ற வரிசை 1993இலேயே ஃபிலிமில் தொடங்கியது, பிள்ளைகளைப் படம் எடுக்கும் இளம் அம்மாக்களை மனதில் வைத்து. அமெரிக்காவில் அதே கேமரா 'டிஜிட்டல் ரெபல்', அதாவது கலகக்காரன். மற்ற நாடுகளில் 300டி. அம்மாவின் முத்தம் அங்கே, கலகம் இங்கே, நமக்கு மட்டும் பஸ் ரூட் மாதிரி ஒரு நம்பர்.

அதே வருடம் பிப்ரவரியில் கேனான் 10டி என்ற கேமராவை 1,499 டாலருக்கு வெளியிட்டிருந்தது. இரண்டிலும் ஒரே 6.3 மெகாபிக்சல் சென்சார், ஒரே டிஜிக் செயலி. வித்தியாசம் எங்கே? 10டி மெக்னீசியக் கலவை உடல், 300டி வெள்ளிநிறப் பிளாஸ்டிக். 10டியில் கண்ணாடிப் பட்டகம், 300டியில் அதற்குப் பதில் சின்னக் கண்ணாடிகளை ஒட்டிய மலிவான ஏற்பாடு. தொடர்ந்து எடுக்க 10டியில் ஒன்பது படத்துக்கு இடம், இதில் நான்கு. இவையெல்லாம் பொருள் செலவு, புரிகிறது.

ஆனால் வேறு சில வசதிகளும் 300டியில் இல்லை. ஃபிளாஷின் அளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஐஎஸ்ஓ 1600க்கு மேல் போகாது. நிற்கும் பொருளா, ஓடும் பொருளா என்று ஃபோகஸ் முறையை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, கேமராவே முடிவு செய்யும். இவற்றுக்கு உலோகமும் வேண்டாம், பட்டகமும் வேண்டாம்.

கொஞ்ச நாளில் ரஷ்யாவிலிருந்து ஒருவர் திருத்திய ஃபர்ம்வேர் ஒன்றை இணையத்தில் விட்டார். மெமரி கார்டில் போட்டு, கேமராவில் செருகி, அப்டேட் கொடுத்தால் ஃபிளாஷ் அளவு மெனுவில் வந்துவிட்டது. ஐஎஸ்ஓ 3200 வந்துவிட்டது. ஃபோகஸ் முறையும் தேர்வுக்கு வந்தது. அவர் புதிதாக எழுதிச் சேர்த்தது கொஞ்சம்தான். பெரும்பாலானவை உள்ளேயே இருந்தன, யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். 2004இல் நிக்கான் டி70 இதே விலை வட்டத்தில், இத்தனை பூட்டு இல்லாமல் வந்தது. 2005இல் வந்த கேனான் 350டியில் ஃபிளாஷ் அளவும் ஃபோகஸ் தேர்வும் முறைப்படி திறந்துவிடப்பட்டன. இடையில் ஒன்றரை வருடத்தில் பிகினர்கள் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிட்டார்களா என்ன? போட்டிக் கடைக்காரன் எதிரில் கடை போட்டான், அவ்வளவுதான்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது சங்கடமாக இருந்தது. ஏனென்றால் அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். பெயர் வேண்டாம், முன்பு இருந்த ஒரு கம்பெனியின் மென்பொருளில் இலவசப் பயனர் தன் தரவைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் பொத்தான் ஒன்று இருந்தது. காசு கட்டினால்தான் இயங்கும். சர்வருக்கு அதனால் ஒரு பைசா செலவு இல்லை. ஒரே ஒரு 'இஃப்' வரி, அதை எழுதியது நான். கோட் ரிவ்யூவில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டிக்கெட்டில் எழுதியிருந்த காரணம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: புதுப் பயனருக்குக் குழப்பம் வரக்கூடாதாம்.

300டியின் ஃபர்ம்வேரில் அந்த வசதிகளை அணைத்தவரும் என்னைப்போல் யாரோ ஒரு சம்பளக்காரர்தான். அவர் வீட்டில் எந்தக் கேமரா இருந்ததோ.

பூட்டு எப்போதும் கோடில்தான் இருக்கும் என்றில்லை, சில சமயம் வரலாற்றிலேயே இருக்கும். 1980களில் ஆட்டோஃபோகஸ் வந்தபோது நிக்கான் தன் பழைய லென்ஸ் வாயை மாற்றவில்லை. 1959இன் லென்ஸும் மாட்ட வேண்டும் என்பதால் மோட்டாரைக் கேமரா உடலில் வைத்து, ஒரு சின்ன திருகுத் தண்டின் வழியே லென்ஸைச் சுற்றியது. கேனான் 1987இல் நேர் எதிராக, பழைய வாயையே தூக்கிப் போட்டுவிட்டு மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. பழைய லென்ஸ் வாங்கிக் குவித்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். மென்பொருள் ஆட்களுக்குத் தெரிந்த தகராறுதான் இது, பழைய வெர்ஷனைத் தூக்கிச் சுமப்பதா உடைப்பதா என்று.

கணக்கு இருபது வருடம் கழித்துத் தீர்ந்தது. 2006இல் நிக்கான் டி40 வந்தது, சின்னது, அழகானது. விலை குறைக்க உடலிலிருந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். அதனால் மலிவாகவும் நல்லதாகவும் இருந்த பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் அதில் மாட்டும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. விலை உயர்ந்த நிக்கானில் ஆகும். கையால் ஃபோகஸ் செய்யும் பழக்கம் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு மோட்டார் இருந்தது, யாருக்கு இல்லையோ அவருக்கு மோட்டார் இல்லை. பிறகு வந்த டி3000, டி5000 வரிசைகளிலும் இதே கதை. கேனானின் பிகினரோ 1987இலிருந்து வந்த எந்த இஎஃப் லென்ஸை மாட்டினாலும் ஃபோகஸ் ஆயிற்று. மூத்தவர்கள் பட்ட அடியின் பலன் இளையவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கேமராக்களின் தலையில் இருக்கும் வட்டத் திருகைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதியில் பூ, மலை, ஓடுகிற மனுஷன் என்று படங்கள். மறுபாதியில் எழுத்துகள். கேனானின் கையேடு இந்தப் படங்களின் பாதிக்கு 'பேசிக் ஸோன்' என்றும் எழுத்துகளின் பாதிக்கு 'கிரியேட்டிவ் ஸோன்' என்றும் பெயர் வைத்தது. திருகில் எல்லைக்கோடு மாதிரி நடுவில் பச்சைச் சதுரம். இந்தப் பக்கம் நின்றால் அடிப்படை, அந்தப் பக்கம் தாண்டினால் படைப்பாளி. நானெல்லாம் ஒரு வருடம், ஓடுகிற மனுஷனை வைத்து ஓடாத மனுஷர்களைப் படம் எடுத்தவன்.

2012இல் உலகத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் டிஎஸ்எல்ஆர்கள் அனுப்பப்பட்டன. அதுதான் உச்சம். பத்து வருடத்தில் அது 20 லட்சத்துக்கும் கீழே போயிற்று. ஃபோன் ஒரு பக்கம், கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் ஒரு பக்கம். 2020இல் வந்த டி6க்குப் பிறகு நிக்கானும், 850டிக்குப் பிறகு கேனானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாகச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் 'புரொஃபஷனல்' என்று கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தவையெல்லாம் இப்போது பழைய சாமான் விலையில், அக்கா பையனின் நாலு லிங்க்கில் வந்து நிற்கின்றன. அவன் அனுப்பியதில் இரண்டு, என் எக்செல் ஷீட்டில் எனக்கு எட்டாது என்று சிவப்பு அடித்து வைத்தவை.

நான் கேமரா வாங்கிய பிறகு வந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வெயில் எங்கடா இருக்கு? மேகம் எங்க இருக்கு?"

"அப்படியெல்லாம் இதுல கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டு அபெர்ச்சர், ஷட்டர் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பின்பக்கப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனார். திரையில் வரிசையாகச் சின்னப் படங்கள் வந்தன. சூரியன், மேகம், பல்பு.

"இதோ இருக்கே. கிடையாதுன்னியே!"

அது ஒயிட் பேலன்ஸ். ஒளியின் அளவை மாற்றாது, நிறத்தை மட்டும்தான் மாற்றும். சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வெளியே தூறல். அப்பா மேகத்தை வைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய், குண்டு பல்பு வெளிச்சத்தில் வெண்கலப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவை எடுத்தார். படம் முழுக்க ஆரஞ்சு. பானையும் அம்மாவும் சுவரும் ஒரே நிறம். லேப்டாப்பில் ஒரே இழுப்பில் சரிசெய்துவிடலாம், செய்யவும் போனேன். "எதுக்கு மாத்தற? நல்லாத்தானே இருக்கு" என்றாள் அம்மா. அந்த வருடம் நான் எடுத்த சில ஆயிரம் படங்களில் ஒன்றுகூடச் சுவருக்குப் போகவில்லை. ஆரஞ்சுப் படம் இன்றும் ஹாலில் தொங்குகிறது.

இரண்டு வாரம் கழித்து அக்கா பையனுக்கு எழுதினேன். "பழசே வாங்கு. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளு. லென்ஸை வெளிச்சத்துல காட்டி உள்ள பூஞ்சை படிஞ்சிருக்கான்னு பாரு, நம்ம ஊர் ஈரத்துக்கு அதான் முதல் எமன். நிக்கான்னா மோட்டார் உடம்புல இருக்கா லென்ஸ்ல இருக்கான்னு பாரு. பிகினருக்குன்னு போட்டிருக்கான்னு பார்க்காத. வாங்கிட்டு போன் பண்ணு."

போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிட்டான். சிவப்பு அடித்ததில் ஒன்று. முதலில் தாத்தாவிடம் காட்டப் போயிருக்கிறான். மத்தியானம் போன் வந்தது.

"மாமா, தாத்தா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வெயில் எங்க, மேகம் எங்கன்னு கேட்டுட்டே இருக்காரு. என்ன கேக்கறாருன்னே புரியல. என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத" என்றேன். "ஒயிட் பேலன்ஸைத் திறந்து அவர் கைல குடு."